இயந்திரம் வந்தது; மருத்துவர் வரவில்லை
சிறுநீரக மருத்துவப் பயிற்சியும் ஒன்றிய அரசின் கொள்கையும்

2016 பிப்ரவரி 29 அன்று நாடாளுமன்றத்தில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, சிறுநீரக நோயாளிகளைப் பற்றி ஒரு கணக்கை முன்வைத்தார். ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் இறுதிநிலைச் சிறுநீரகச் செயலிழப்புக்குப் புதிதாக ஆளாகின்றனர். அதனால் ஆண்டுக்கு 3.4 கோடி முறை டயாலிசிஸ் செய்ய வேண்டிய தேவை கூடுதலாக எழுகிறது. நாட்டிலுள்ள ஏறத்தாழ 4,950 டயாலிசிஸ் நிலையங்கள் பெரும்பாலும் தனியாரிடமும் பெருநகரங்களிலும் இருப்பதால் தேவையில் பாதிதான் நிறைவேறுகிறது. ஒரு முறைக்கு ரூ.2,000 வீதம் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ரூ.3 லட்சத்துக்கும் மேல் செலவாகிறது. பயணச் செலவும் கூலி இழப்பும் இதற்கு மேல் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

கணக்கு சரியானது. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட தீர்வு இரண்டே இரண்டு. மாவட்ட மருத்துவமனைகளில் பொது-தனியார் கூட்டு முறையில் டயாலிசிஸ் சேவை. டயாலிசிஸ் கருவிகளின் சில பாகங்களுக்குச் சுங்க வரி, கலால் வரி விலக்கு. இயந்திரத்துக்குச் சலுகை கிடைத்தது. அதை இயக்கும் நிறுவனத்துக்கு நிரந்தரச் சந்தை கிடைத்தது. நோயாளி அந்த இயந்திரம் வரை வந்துசேராமல் தடுக்க வேண்டிய, வந்தபின் அவரது உயிரைக் காக்க வேண்டிய சிறுநீரகவியல் நிபுணரை யார், எங்கே, எத்தனை பேர் என்ற அளவில் பயிற்றுவிப்பது என்ற கேள்விக்கு அந்த அறிவிப்பில் இடமிருக்கவில்லை.

அதே ஆண்டில் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பயனாக நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு டயாலிசிஸ் சென்றடைந்திருப்பதையும், பல்லாயிரம் ஏழை நோயாளிகள் அதனால் உயிர்வாழ்வதையும் மறுக்க வேண்டியதில்லை. கேள்வி வேறு. 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் இன்று பத்து லட்சம் பேருக்கு இரண்டு அல்லது மூன்று சிறுநீரகவியல் நிபுணர்கள் என்ற அளவே இருக்கிறது. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பெருநகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் பணிபுரிகின்றனர். இயந்திரம் நிற்கும் மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றில் ஒரு நிபுணர்கூட இல்லை. இது தற்செயலாக ஏற்பட்ட பற்றாக்குறை அல்ல. மருத்துவப் பயிற்சியைச் சந்தையின் தேவைக்கேற்ப வடிவமைத்த கொள்கையின் நேரடி விளைவு.

கடைசிப் படிக்கட்டில் மட்டும் அரசு

சிறுநீரகம் சத்தமின்றிப் பழுதாகும் உறுப்பு. நீரிழிவும் ரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் அதைச் சிதைத்தாலும், பெரும்பாலான நோயாளிகளுக்கு முக்கால்வாசிச் செயல்பாடு போகும் வரை குறிப்பிடத்தக்க அறிகுறி எதுவும் தெரிவதில்லை. ஆனால் சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா, ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு எவ்வளவு என்ற இரண்டு எளிய பரிசோதனைகள் நோயைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலையில் நோயின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. ரத்த அழுத்தத்துக்கான பழைய மருந்துகள் மலிவானவை. நீரிழிவுக்கென வந்து, இன்று சிறுநீரகப் பாதுகாப்புக்கும் அளிக்கப்படும் டாபாக்லிஃப்ளோசின் மருந்தின் காப்புரிமை இந்தியாவில் 2020இலும், எம்பாக்லிஃப்ளோசின் மருந்தின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் காலாவதியாயின. இரண்டின் விலையும் பெருமளவு சரிந்தது. மருந்து ஏழைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டது. அதை உரிய நேரத்தில் எழுதிக்கொடுக்கும் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இல்லை.

நிபுணரின் வேலை டயாலிசிஸ் அறையில் தொடங்குவதில்லை. எந்த நோயாளிக்குச் சிறுநீரகத் திசுப் பரிசோதனை தேவை, எவருக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்தால் சிறுநீரகம் மீளும், எவருக்குச் சில மாதங்களுக்கு முன்பே கையில் ரத்தக்குழாய் இணைப்பு அறுவையைச் செய்து வைக்க வேண்டும் என்ற முடிவுகளை அவர் எடுக்க வேண்டும். அவர் இல்லாத இடத்தில் நோயாளி மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார். கழுத்து நரம்பில் தற்காலிகக் குழாய் செருகி டயாலிசிஸ் தொடங்கப்படுகிறது. அந்தக் குழாய் வழியே தொற்று பரவி, சிறுநீரக நோயால் சாகாதவர் கிருமித் தொற்றால் சாகிறார்.

பாம்புக்கடி, கடும் வயிற்றுப்போக்கு, மலேரியா, பிரசவகாலச் சிக்கல் ஆகியவற்றால் திடீரென ஏற்படும் சிறுநீரகச் செயலிழப்பின் கதையும் இதுவே. வயலிலும் காட்டிலும் வேலை செய்வோருக்கு நேரும் இந்த ஆபத்தில், உரிய நேரத்தில் சில முறை டயாலிசிஸ் கிடைத்தால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைந்து மீண்டும் வேலைக்குச் செல்ல முடியும். மாவட்டத் தலைநகரில் இதைக் கண்டறிந்து முடிவெடுக்க ஆள் இல்லாததால், நூறு இருநூறு கிலோமீட்டர் ஆம்புலன்சில் கொண்டுசெல்லப்பட்டு வழியிலேயே இறப்போரின் கணக்கு எந்த நிதிநிலை அறிக்கையிலும் வருவதில்லை.

நோயின் தொடக்கத்திலும் நடுவிலும் விலகி நின்ற அரசு, கடைசிப் படிக்கட்டில் மட்டும் தனியார் நிறுவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறது. தடுப்பில் லாபம் இல்லை. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, வாழ்நாள் முழுவதும் வந்தே தீரவேண்டிய நோயாளியிடம் லாபம் உண்டு. டயாலிசிஸ் நிலையங்களைச் சங்கிலியாக நடத்தும் நிறுவனம் ஒன்று 2025 இறுதியில் பங்குச் சந்தைக்கே சென்றுவிட்டது என்பது இந்த வணிகத்தின் வளர்ச்சிக்குப் போதுமான சான்று.

நிபுணர் உருவாகும் பாதை

இந்தியாவில் சிறுநீரகவியல் தனித்துறையாக வளர்ந்ததில் பொதுத்துறைக்கு முதன்மையான பங்குண்டு. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் கிர்பால் சிங் சுக் 1960களின் இறுதியில் தொடங்கிய பயிற்சிதான் இத்துறையின் உயர் சிறப்புப் படிப்புக்கு அடித்தளமிட்டது. பாம்புக்கடியாலும் வயிற்றுப்போக்காலும் சிறுநீரகம் பழுதான ஏழை நோயாளிகளிடமிருந்தே அந்தத் தலைமுறை பாடம் கற்றது. அந்த ஆய்வுகளே இந்தியச் சிறுநீரகவியலுக்கு உலக அளவில் மதிப்பைப் பெற்றுத் தந்தன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் நடந்த வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையும், சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் வளர்ந்த துறைகளும் அந்தக் காலத்தின் தொடர்ச்சியே. லாபத்தை நோக்கமாகக் கொள்ளாத நிறுவனங்களில்தான் இந்த அறிவு பிறந்தது.

ஒருவர் சிறுநீரகவியல் நிபுணராவதற்கு மருத்துவ இளநிலைப் படிப்பு ஐந்தரை ஆண்டு, பொது மருத்துவத்திலோ குழந்தைகள் மருத்துவத்திலோ முதுநிலை மூன்று ஆண்டு, அதன்பின் உயர் சிறப்புப் படிப்பான டி.எம். அல்லது தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டிஆர்என்பி மூன்று ஆண்டு என மொத்தம் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் தேவை. இந்த நீண்ட பயிற்சியில் மாணவரின் உழைப்பு உண்டு. ஆசிரியரின் உழைப்பு உண்டு. அரசின் பணம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசு மருத்துவமனையின் கட்டிலில் படுத்து, தன் உடலையே பாடமாக்கக் கொடுத்த ஏழை நோயாளியின் பங்கு உண்டு. எனவே ஒரு நிபுணரின் திறமை எவ்வளவு தனிப்பட்டதாகத் தோன்றினாலும் அது சமூகம் உருவாக்கிய சொத்து. அதன் பயன் யாருக்குச் செல்கிறது என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய வர்க்கக் கேள்வி.

நவீன தாராளமயக் காலத்தில் இந்தப் பயிற்சியின் களம் இடம்பெயர்ந்தது. அரசுக் கல்லூரிகளில் இடங்களைப் பெருக்குவதற்குப் பதிலாக, பெருநகரங்களின் கார்ப்பரேட் மருத்துவமனைகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் பயிற்சிக் களங்களாக அங்கீகரிக்கப்பட்டன. அங்கே பயிலும் இளம் மருத்துவர் முதலில் பார்ப்பது தீவிர சிகிச்சைப் பிரிவையும், டயாலிசிஸ் அறையையும், மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் வசதியான நோயாளிகளையும்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ரத்த அழுத்தப் பதிவேட்டை அவர் பார்ப்பதே இல்லை. வீட்டிலேயே நோயாளி தாமாகச் செய்துகொள்ளக்கூடிய, கிராமத்துக்கு உகந்த வயிற்றறை டயாலிசிஸ் முறையில் ஆழ்ந்த பயிற்சி அளிப்பதில், ரத்த டயாலிசிஸ் விற்கும் மருத்துவமனைக்கு எந்த ஆர்வமும் இருக்க முடியாது. எதை விற்கிறார்களோ அதையே கற்பிக்கிறார்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பல லட்சம் ரூபாய் கட்டணம் செலுத்திப் படித்தவரிடம் மாவட்ட மருத்துவமனைச் சம்பளத்தில் பணியாற்றச் சொல்வது வெறும் உபதேசம். கடன்சுமையே அவரைக் கார்ப்பரேட் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அரசு நிறுவனத்தில் பயில்பவரின் நிலையும் சுகமானதல்ல. தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்புகள் 1992ஆம் ஆண்டின் உறைவிட மருத்துவர் திட்டத்திலேயே இருக்கின்றன. நடைமுறையில் பயிற்சி மருத்துவர் காலிப் பணியிடங்களை ஈடுகட்டும் மலிவு உழைப்பாளியாகவே நடத்தப்படுகிறார். கொல்கத்தாவில் 2024 ஆகஸ்டில் ஒரு பயிற்சி மருத்துவர் நீண்ட பணிக்கிடையே மருத்துவமனைக்குள்ளேயே வன்கொடுமை செய்து கொல்லப்பட்டபோது, இந்தக் கட்டமைப்பின் கொடூரம் நாடு முழுவதற்கும் தெரிந்தது.

தகுதி என்னும் திரை

உயர் சிறப்பு இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு 2017 முதல் ஒரே அகில இந்திய நுழைவுத் தேர்வு, ஒன்றிய அரசின் ஒரே கலந்தாய்வு. தகுதியைக் காக்கவே இந்த மையப்படுத்தல் என்று சொல்லப்பட்டது. நடந்தது என்ன? ஒவ்வோராண்டும் நூற்றுக்கணக்கான உயர் சிறப்பு இடங்கள் காலியாக விடப்படுகின்றன. கலந்தாய்வு முடிந்தபின் தகுதி மதிப்பெண்ணைக் குறைப்பதும் கூடுதல் சுற்றுகள் நடத்துவதும் வழக்கமாகிவிட்டன. முதுநிலை நீட் தேர்வில் 2023 செப்டம்பரில் தகுதிச் சதமானம் பூஜ்ஜியமாக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவரை வெளியே நிறுத்துவதற்குத் தேவைப்பட்ட 'தகுதி', தனியார் கல்லூரியின் விலையுயர்ந்த இடம் காலியாகும்போது தேவையற்றதாகிவிடுகிறது.

2021இல் நடந்ததை மறந்துவிட முடியாது. நவம்பரில் உயர் சிறப்பு நீட் தேர்வு நடக்கவிருந்த நிலையில், தேர்வு அறிவிப்பு வந்தபின் ஆகஸ்ட் இறுதியில் வினாத்தாள் முறையே மாற்றப்பட்டது. பல ஆண்டுகள் உழைத்துத் தயாரான இளம் மருத்துவர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அவர்களை அதிகார விளையாட்டின் கால்பந்தாக்கக் கூடாது என்று நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. தனியார் கல்லூரிகளின் காலியிடங்களை நிரப்பும் நோக்கம் இந்த மாற்றத்தின் பின்னால் இருக்கிறதா என்ற ஐயமும் விசாரணையில் எழுப்பப்பட்டது. அதன் பிறகே ஒன்றிய அரசு அம்மாற்றத்தை 2022க்குத் தள்ளிவைத்தது.

சமூகநீதிக்கும் இந்த உச்சியில் இடமில்லை. உயர் சிறப்புப் படிப்புகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு கிடையாது. 1992ஆம் ஆண்டின் இந்திரா சகானி தீர்ப்பும் 1999ஆம் ஆண்டின் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா தீர்ப்பும் இதற்கு மேற்கோளாகக் காட்டப்படுகின்றன. அறிவின் உச்சத்தில் ஒதுக்கீடு கூடாது என்பது அவற்றின் சாரம். ஆனால் பணத்துக்கு அங்கே இடமுண்டு என்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. பழங்குடி மாவட்டத்தில் பிறந்து, அந்த மக்களின் மொழி பேசும் ஒரு மருத்துவர் சிறுநீரகவியல் நிபுணராகித் தன் மாவட்டத்துக்குத் திரும்புவதற்கான வாய்ப்பை இந்தக் கட்டமைப்பு திட்டமிட்டே குறைக்கிறது.

இதற்கு மாறான ஒரு வழியைத் தமிழ்நாடு போராடிப் பெற்றது. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்குச் சிறப்பு ஒதுக்கீடு வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதன் அடிப்படையில் உயர் சிறப்பு இடங்களில் 50 சதவீதத்தை அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்கி அவ்வாண்டு நவம்பரில் மாநில அரசு ஆணையிட்டது. ஒன்றிய அரசும் தேர்வர்களில் ஒரு பகுதியினரும் எதிர்த்தனர். 2022 மார்ச்சில் அந்த ஒதுக்கீட்டைச் செயல்படுத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றியவரே உயர் சிறப்புப் படிப்பை முடித்து அரசு மருத்துவமனைக்குத் திரும்புவார் என்பதற்கு இதைவிட உறுதியான ஏற்பாடு வேறில்லை. பிற மாநிலங்களிலும் இதை விரிவுபடுத்த வேண்டிய ஒன்றிய அரசு, இதற்குத் தடை போடுவதில்தான் அக்கறை காட்டியது.

உத்தானம்: பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு நோய்

ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டக் கடலோரத்தில் தென்னையும் முந்திரியும் நிறைந்த பகுதி உத்தானம். பார்வைக்குச் செழிப்பான அந்த மண்ணில் நீரிழிவோ ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயத் தொழிலாளர்கள் நடுவயதிலேயே சிறுநீரகம் பழுதாகி மடிகின்றனர். பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் நடந்தும் தீர்மானமான ஒற்றைக் காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. குடிநீர், பூச்சிக்கொல்லி, கடும் வெயிலில் நீரின்றி உழைப்பது ஆகிய அனைத்தும் ஐயத்துக்குள்ளாகியுள்ளன. சத்தீஸ்கரின் கரியாபந்து மாவட்டத்துச் சுபேபேடா கிராமத்திலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடையேயும் இதே துயரம். நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இதே வகை நோய்க்குப் பலியாயினர். தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளரிடையே அரசு மருத்துவர்கள் நடத்திய ஆய்விலும், நாட்பட்ட சிறுநீரக நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வழக்கமான காரணங்கள் எதுவும் இல்லை எனத் தெரியவந்தது.

மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் செய்யப்பட்ட ஒரு மாற்றம் கவனத்துக்குரியது. நிழல், குடிநீர், முறையான ஓய்வு ஆகிய மூன்றையும் வேலைநேரத்தில் உறுதிப்படுத்தியபோது தொழிலாளரின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. அதாவது, இந்த நோய்க்கான மருந்துச் சீட்டின் முதல் வரி வேலைநிலைமையில் எழுதப்பட வேண்டும். துண்டுக்கூலிக்கு உச்சி வெயிலில் ஓடவைக்கும் சுரண்டல் முறையை நோய்க்காரணமாக அடையாளம் காணப் பயிற்சி பெற்ற சிறுநீரகவியல் நிபுணர் தேவை. கார்ப்பரேட் மருத்துவமனையின் குளிரூட்டப்பட்ட அறையில் அந்தப் பயிற்சி கிடைக்காது. அங்கே அந்தத் தொழிலாளி வருவதே இல்லை.

மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2023 டிசம்பரில் பலாசாவில் 200 படுக்கைகள் கொண்ட சிறுநீரக மருத்துவமனையும் ஆய்வு மையமும் திறக்கப்பட்டன. அதுவரை நோயாளிகள் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள விசாகப்பட்டினத்துக்கு அலைந்தனர். இத்தகைய மருத்துவமனை, நிரந்தரப் பேராசிரியர்களோடு உயர் சிறப்புப் பயிற்சியும் அளிக்கும் மையமாக வளர்வதே இயல்பான அடுத்த கட்டம். ஆனால் அதே ஆந்திரத்தில் தெலுங்கு தேசம்-பாஜக கூட்டணி அரசு 2025இல் எடுத்த முடிவோ, பத்துப் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பொது-தனியார் கூட்டு முறைக்கு மாற்றுவது. மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு இணைக்கும் மாதிரி ஒப்பந்தத்தை நிதி ஆயோக் 2020இலேயே தயாரித்து வைத்திருந்தது. நோய் பரவலாக உள்ள ஊரில் மருத்துவப் பயிற்சியை விற்பனைக்கு வைப்பது எப்படி என்பதை அந்த ஒப்பந்தத்தின் வழியில் பார்க்கலாம்.

அமெரிக்கா காட்டும் எச்சரிக்கை

அரசு பணம் கொடுக்கட்டும், தனியார் சேவை அளிக்கட்டும் என்போர் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். இறுதிநிலைச் சிறுநீரக நோயாளிகளின் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் சட்டம் அங்கே 1972இல் நிறைவேறியது. மக்கள் வென்றெடுத்த நல்ல உரிமை அது. ஆனால் சேவை தனியாரிடம் விடப்பட்டதால், அரை நூற்றாண்டுக்குப் பின் அந்நாட்டு டயாலிசிஸ் சந்தையின் பெரும்பகுதி இரண்டு நிறுவனங்களின் கையில் குவிந்துகிடக்கிறது. மக்கள் வரிப்பணம் ஏகபோகத்தின் லாபமாகிறது. உலகிலேயே மருத்துவத்துக்கு மிக அதிகம் செலவிடும் அந்நாட்டில் சிறுநீரகவியல் பயிற்சி இடங்கள் ஆண்டுதோறும் கணிசமாகக் காலியாகவே இருக்கின்றன. சந்தை இயந்திரத்தைப் பெருக்கும், மருத்துவரைப் பெருக்காது.

இந்தியாவில் ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் டயாலிசிஸ் திட்டமும் செல்லும் திசை இதுவே. இடம், மின்சாரம், தண்ணீர் அரசினுடையது, ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் அரசினுடையது, லாபம் நிறுவனத்தினுடையது. டயாலிசிஸ் தொழில்நுட்பனர்களோ குறைந்த ஊதியத்தில், பணிப்பாதுகாப்பற்ற ஒப்பந்தத்தில் உழைக்கின்றனர். அவர்களின் பயிற்சியையும் பதிவையும் ஒழுங்குபடுத்தவென 2021இல் இயற்றப்பட்ட சட்டமும் மந்தகதியில்தான் நகர்கிறது.

'கிராமத்துக்கு வரமாட்டார்கள்' என்ற வாதம்

நிபுணர்கள் சிற்றூர்களுக்கு வர மறுக்கிறார்கள், எனவே தனியாரை அழைப்பதைத் தவிர வழியில்லை என்பது ஆட்சியாளர்களின் நிரந்தர வாதம். தனியாரும் அதே நிபுணரைத்தான் கொண்டுவர வேண்டும், கொண்டுவருவதில்லை. பல இடங்களில் நிபுணரின் ஆலோசனை தொலைபேசியோடு முடிகிறது. வாதத்தின் முதல் பாதியிலேயே உண்மை மறைக்கப்படுகிறது. மாவட்ட மருத்துவமனையில் சிறுநீரகவியல் நிபுணருக்கென நிரந்தரப் பணியிடமே உருவாக்காத அரசுகள், யாரும் வரவில்லை என்று புலம்ப உரிமையற்றவை.

படித்து முடித்தபின் குறிப்பிட்ட ஆண்டுகள் அரசுப் பணி செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தப் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் உறுதிசெய்தது. சமூகம் கொடுத்ததைச் சமூகத்துக்குத் திருப்பித்தர வேண்டும் என்ற கோட்பாடு நியாயமானது. ஆனால் திசுப் பரிசோதனைக்கு ஆய்வகம் இல்லாத, ரத்தக்குழாய் அறுவைக்கு ஆள் இல்லாத, பயிற்சி பெற்ற செவிலியர் இல்லாத மருத்துவமனையில் ஒரு நிபுணரை உட்காரவைத்து நாட்களை எண்ணச் செய்வது பணியாகாது, தண்டனையாகும். தண்டனைக் காலம் முடிந்ததும் அவர் போய்விடுவார். மருத்துவரைக் குற்றவாளியாக்கி மக்களுக்கு முன் நிறுத்துவதால் அரசு தன் பொறுப்பிலிருந்து தப்பிக்கிறது. நோயாளியும் இளம் மருத்துவரும் எதிரிகள் அல்லர். இருவருக்கும் எதிரில் நிற்பது ஒரே கொள்கை.

வேறு வழி உண்டு

ஏகாதிபத்தியத்தின் பொருளாதார முற்றுகைக்கிடையே கியூபா 1966இலேயே ஹவானாவில் சிறுநீரகவியல் நிறுவனத்தை நிறுவி, நாடு முழுவதும் இலவச சிறுநீரக சிகிச்சையை வளர்த்தெடுத்தது. அங்கே குடும்ப மருத்துவரின் அன்றாடப் பணியோடு நிபுணரின் பணி பிணைக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்து 2008இல் வயிற்றறை டயாலிசிஸுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்று, செவிலியர்களையும் கிராம சுகாதாரத் தன்னார்வலர்களையும் பயிற்றுவித்துப் பல்லாயிரம் ஏழைகளை வீட்டிலேயே வாழவைத்தது. 2022இல் முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் நோயாளிக்குத் தரப்பட்டது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கும் டயாலிசிஸ் கொண்டுசெல்லப்பட்டது. வீட்டில் செய்யும் முறையும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இவை எதுவும் அதிசயமல்ல. பயிற்சியையும் பணியிடத்தையும் பொதுத்துறையில் வைத்து, கீழிருந்து கட்டியதன் பலன்.

2025 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலம் குறித்த தீர்மானத்தை முதன்முறையாக நிறைவேற்றியது. தடுப்பும் ஆரம்பக் கண்டறிதலும் அதில் வலியுறுத்தப்படுகின்றன. உள்நாட்டிலோ, சுகாதாரத்துக்கான பொதுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையில் மோடி அரசு எழுதிய உறுதிமொழி காற்றில் பறந்துவிட்டது.

இந்நிலையில் உழைக்கும் மக்களின் இயக்கங்கள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் சிறுநீரகவியல் துறைகளை நிரந்தரப் பேராசிரியர்களோடு நிறுவி, உயர் சிறப்பு இடங்களைப் பெருக்க வேண்டும். அரசு மருத்துவர்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டை எல்லா மாநிலங்களிலும் சட்டப்பூர்வமாக்க வேண்டும்; உயர் சிறப்புப் படிப்பிலும் சமூகநீதி ஒதுக்கீட்டுக்கு வழி திறக்க வேண்டும். முதுநிலை மாணவர்களுக்கு ஏற்கெனவே கட்டாயமாக்கப்பட்டுள்ள மூன்று மாத மாவட்டப் பயிற்சியைச் சிறுநீரகவியல் மாணவர்களுக்கும் விரிவுபடுத்தி, உத்தானம் போன்ற பகுதிகளில் களப்பணியைப் பாடத்திட்டமாக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் நிபுணர், பயிற்சி பெற்ற செவிலியர், தொழில்நுட்பனர் ஆகியோருக்கு நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். டயாலிசிஸ் ஒப்பந்தங்களைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவந்து சேவையை அரசே ஏற்க வேண்டும். ஒப்பந்த ஊழியர்களைப் பணிநிரந்தரம் செய்ய வேண்டும். விவசாயத் தொழிலாளருக்கும் கட்டுமானத் தொழிலாளருக்கும் நிழல், குடிநீர், ஓய்வு ஆகியவை சட்ட உரிமையாக வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை மருத்துவர் சங்கங்களின் உள்விவகாரமாக விட்டுவிட முடியாது. விவசாயத் தொழிலாளர் சங்கமும் தொழிற்சங்கமும் மாதர் சங்கமும் வாலிபர் சங்கமும் தத்தம் மாவட்ட மருத்துவமனையின் வாசலில் நின்று எளிய ஒரு கேள்வியை எழுப்பலாம்: உள்ளே எத்தனை டயாலிசிஸ் இயந்திரங்கள் இருக்கின்றன, எத்தனை சிறுநீரகவியல் நிபுணர்கள் இருக்கிறார்கள்? இரண்டாவது எண் பூஜ்ஜியமாக இருக்கும் ஒவ்வொரு மாவட்டமும் ஒரு போராட்டக் களம். இயந்திரத்தை ஒரு ஒப்பந்தத்தில் வாங்கிவிடலாம். மருத்துவரை உருவாக்கப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே அந்தப் போராட்டத்தை இன்றே தொடங்கினாலும் தாமதம்தான். தொடங்காவிட்டால் அந்தத் தாமதத்துக்கான விலையை உழைக்கும் மக்களே உயிரால் செலுத்துவார்கள்.